கமலராணிக்கொடி

பாரிஸ் லா சப்பலில் நடமாடுகிற எங்கடை சனம் ஒவ்வொருவருக்கும் மூன்று பேர் உண்டு. தாய் தகப்பன் வைத்தது ஒன்று; அது கலியாண அட்டைக்கு. பிரெஞ்சு அரசாங்கம் அட்டையில் அடித்துக் கொடுத்தது இன்னொன்று. அது பப்பியே, அதாவது பத்திர அலுவலுக்கு. மூன்றாவது வசந்தரூபி வைத்தது. ஆள் வெறுத்துப்போய் லண்டனுக்கு ஓடினாலும் பின்னாலேயே போய்ச் சேருகிற பேர் அதுதான்.

வசந்தரூபி வேலை செய்வது மெத்ரோ படியால் இறங்கினால் மூக்குக்கு நேரே வருகிற ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில். ரோல்ஸ் உருட்டுவாள், மீன்குழம்பு வைப்பாள், கீரையைக் கண்டால் வறை வறுப்பாள். கை ஓடுகிற நேரம் வாயும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். குசினியிலிருந்து சாப்பாட்டை நீட்டுகிற சின்ன யன்னலுக்குள்ளால் ஒரு பார்வை பார்ப்பாள். வந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கமுதல் பேர் தயார். முதலாளி ஜனார்த்தனனுக்கு 'அடுத்தகிழமை'. பிரிட்ஜ் திருத்துவதென்றாலும் சரி, புகை போகிற குழாய் துப்புரவாக்குவதென்றாலும் சரி, அவர் வாயில் வருவது அது ஒன்றுதான். மரக்கறி கொண்டுவருகிற புதுச்சேரி செபஸ்டியனுக்கு 'ஆர்.ஈ.ஆர். டே'. அந்தப் புறநகர் ரயிலைப் போலவே ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வந்தபிறகு ஏன் பிந்தியது என்று சொல்லிக் காதைத் தின்றுவிடுவார். வேலையிலிருந்து ஓய்வெடுத்து, கடை கடையாக ஏறி இறங்கி ஊர்ப்புதினம் விநியோகிக்கிற அரியரத்தினத்துக்கு 'எட்டுமணிச் செய்தி'. முதலில் தலைப்பு, பிறகுதான் விபரம். சொந்தப் புருசன் இராஜதுரையைக்கூட அவள் விடவில்லை. டி.வி. சத்தத்தை நிறுத்துகிற 'மியூற்' என்று வைத்தாள். மனுசன் கோபிக்கவில்லை. கோபித்தால் வாய் திறக்க வேண்டி வருமே!

இதைக் கேட்டுவிட்டு அவளைக் கெட்ட மனுசி என்று நினைத்துவிடாதேயுங்கோ. யாரும் காய்ச்சலென்று படுத்தால், வேலை முடிந்த கையோடு ரசத்தைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வில்லியே லே பெல் வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டுத்தான் லா கூர்னெவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்புவாள். கதவைத் திறந்ததும் "இன்னும் சாகேல்லையே?" என்பாள். ரசம் குடித்தவன் சிரிப்பான். வாய் மட்டும்தான் அப்படி.

அந்த வாய்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது. அதுதான் கதை.

ரயில் பாதையோரம் நீட்டுக்கு ஓடுகிற இரும்பு வேலிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை நகரசபை பொதுத்தோட்டமாக விட்டது. அதைப் பார்த்துக்கொண்டவர் மெலானி என்கிற பிரெஞ்சு மனுசி. தெற்கே, மத்தியதரைக் கடல் பக்கத்து ஊர்க்காரி. நரைத்த தலை, சேறு பிடித்த சப்பாத்து, எதைக் கண்டாலும் "சுப்பேர்!" என்று துள்ளுகிற சுபாவம். வசந்தரூபி அவருக்கு என்ன பேர் வைத்தாள் என்று நான் சொல்லவும் வேண்டுமோ? அந்தச் சுப்பேர்தான் அவளுக்கு வேலியோரமாக ஒரு மரப்பெட்டி மண் ஒதுக்கிக் கொடுத்தது.

வசந்தரூபி அதில் பயற்றங்காய் போட்டாள். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவரின் சூட்கேசில், சேலைக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்த விதை. நாள்தோறும் இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஒருநாள் பெட்டியின் மூலையில் பச்சையாக ஒன்று முளை காட்டியது. பிறகு அது வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே! சுருள் சுருளாகக் கை நீட்டி வேலிக் கம்பியைப் பிடித்தது. பிடித்ததோ, விடவில்லை. தண்டு தட்டையாக இருந்தது. இலை ஒடுங்கிப்போய் இரண்டிரண்டாக நின்றது. பயறு வைத்தவளுக்கு இது பயறில்லை என்று தெரியாதா? தெரியும். ஆனால் "பிரான்ஸ் தண்ணி, குளிர் வேறை. இலை மெலிஞ்சுபோச்சு, பாவம்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாளே. இனி எப்படிப் பின்வாங்குவது!

ஆனியில் அது பூத்தது. கொத்துக் கொத்தாக, கடும் ரோசா நிறத்தில், வேலி தெரியாமல் பூத்தது. அந்தத் தெருவில் நின்ற சனமெல்லாம் வந்து போன் பிடித்துப் படமெடுத்தது. இது என்ன செடி என்பதில் ஒரு பெரிய மாநாடே நடந்தது. அரியரத்தினம் "தலைப்பைச் சொல்லுறன், இது காட்டவரை" என்றார். செபஸ்டியன், பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இது பட்டாணி வகைங்க, பொவா ஏதோ ஒண்ணு" என்றார். கடைசியில் மெலானி வந்து தீர்ப்புச் சொன்னார். தன் ஊர்ப்பக்கம், கடலுக்கு மேலேயுள்ள கல்லு நிலத்துப் பற்றைக்காட்டில் இது தன்பாட்டுக்கு ஏறிக் கிடக்குமாம். யாரும் நடுவதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. 'பொவா விவாஸ்', அதாவது சாகாத பட்டாணி, என்பார்களாம். 'ஜெஸ்' என்றும் ஒரு பேராம். பூச்செண்டுப் பட்டாணி என்று சொல்லுகிறவர்களும் உண்டாம். ரயில் பாதையோரங்களைப் பிடித்துப் பிடித்து வடக்கே வந்திருக்க வேண்டும் என்றார்.

பேர் எத்தனை இருந்தென்ன? வசந்தரூபிக்கு வேண்டியது காய். தட்டைக் காய் தொங்கத் தொடங்கியதும் ஒரு கை பிடுங்கினாள். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வறுத்தால் வராத வறை உலகத்தில் இல்லை என்பது அவளுடைய கொள்கை. மெலானி கண்டுவிட்டு "நோன், நோன், நோன்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். வடிவுக்கு மட்டும்தானாம். விதை சாப்பிடுகிற சாமான் இல்லையாம். கூடத் தின்றால் கால் இழுத்துக்கொள்ளுமாம்.

வசந்தரூபிக்கு வந்ததே ஒரு கோபம்! பூவைப் பிடித்து மூக்கில் வைத்து இழுத்தாள். மருந்துக்கும் வாசமில்லை. அதே நேரம் தெருவுக்கு அந்தப் பக்கம் சாறிக்கடை வாசலில் கமலராணி வந்து நின்றார், மினுமினுவென்று.

இந்தக் கமலராணியைப் பற்றி ஒரு வார்த்தை. புருசன் மார்க்கண்டர் மாரடைப்பில் போனபிறகு, சாறிக்கடையைத் தனியாகப் பிடித்து நிமிர்த்திய மனுசி. நகை, கொண்டை, பட்டு, எல்லாம் எப்போதும் கலியாண வீட்டு எடுப்பு. ஒருமுறை வசந்தரூபி ஒரு பெட்டையின் சாமத்தியச் சடங்குக்குச் சேலை எடுக்கப் போனபோது, "தங்கச்சி, இது பாரிசிலை ஒண்டே ஒண்டுதான். உமக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்று சத்தியம் பண்ணி ஒரு மாம்பழக் கலர் பட்டைக் கொடுத்தார். மண்டபத்துக்குள் காலடி வைத்தால், வாசலில் பன்னீர் தெளிக்கிறவள் மாம்பழக் கலர். மாமிக்காரி மாம்பழக் கலர். கேக் வெட்டுகிற மேசைக்குப் பின்னால் நின்று படம் எடுப்பிக்கிற கமலராணியும் அதே மாம்பழக் கலர். அன்றைக்கு எரியத் தொடங்கிய வயிறு பிறகு நூரவேயில்லை.

ஆகவே அன்று, கையில் தின்ன முடியாத காயோடு, தெருவைப் பார்த்தபடி வசந்தரூபி சொன்னாள்:

"வடிவு இருக்கு. வாசம் இல்லை. கிடைச்ச வேலியையெல்லாம் பிடிச்சு ஏறும். உள்ளுக்கை எடுத்தால் ஆளுக்கு ஆகாது. பட்டாணியாம், கிட்டாணியாம்! இது அசல் கமலராணி."

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அது கமலராணிக்கொடி. "கமலராணி நல்லாப் பூத்திருக்கு", "கமலராணியைக் கொஞ்சம் கத்தரிச்சு விடவேணும், அடுத்தவன்ரை பெட்டிக்குள்ளை போகுது" என்று சனம் பேசத் தொடங்கியது. இதில் பெரிய பகிடி என்னவென்றால், தமிழில் இதற்கு இப்படியொரு அழகான பேர் இருக்கிறதென்று மெலானி நம்பிவிட்டார். ஒரு கறுப்புப் பலகையில் வெள்ளை மையால் பெரிதாக KAMALARANI என்று எழுதி வேலியில் கட்டிவிட்டார். சுப்பேர்!

அப்படியே ஒரு வருசம் போனது. மறுபடி பூக்கிற காலம் நெருங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வசந்தரூபியின் ஒரே மகள் நிருபா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "மமோன், எகூத்", அம்மா கேளுங்கோ, என்றாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பிரெஞ்சில் ஆரம்பித்தால் விசயம் பெரிசு என்று தாய்க்குத் தெரியும்.

"எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. கீர்த்தனன்."

"எந்தக் கீர்த்தனன்?"

"கமலராணி அன்ரியின்ரை மகன்."

வசந்தரூபி அகப்பையைக் கீழே வைத்தாள். இராஜதுரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சோற்றுக்குள் கவிழ்ந்துகொண்டார்.

பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படித்தவன், நல்ல வேலை, பெரியவர்களைக் கண்டால் எழும்புகிறவன். கீர்த்தனன் தாய்க்கும் சொல்லிவிட்டானாம். 'பெட்டை நல்ல பெட்டை. தாயைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேணும்' என்றாராம் கமலராணி. ஒருநாள் நேரே வந்து கதைத்துவிட்டுத்தான் ஓமோ இல்லையோ சொல்லுவாராம். தாய் ஓம் என்னாமல் கீர்த்தனன் கட்டமாட்டான். தகப்பனில்லாத பிள்ளை, அந்த மனுசியின் சொல்லைத் தட்ட மாட்டான்.

"அம்மா, நீங்கள் வாயை மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள் நிருபா. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

வாயை இனிமேல் பார்த்துக்கொள்ளலாம். போன வருசம் விட்ட வாய் ரயில் வேலியில் பலகை கட்டித் தொங்குகிறதே!

மகளுக்குச் சொல்ல முடியுமோ? 'உன்ரை மாமியாரை நான் நஞ்சுக்காய் எண்டு சொன்னனான்' என்று எந்தத் தாய் சொல்லுவாள்! அவள் தன் பாட்டில் யுத்தத்தைத் தொடங்கினாள்.

கடை பூட்டியிருந்த ஒரு நாள் மண்வெட்டியோடு போனாள். கொடியை வெட்டிக் குவித்துவிட்டு வேரைத் தோண்டினாள். தோண்டத் தோண்ட வேர் கீழே போனது. லா சப்பலில் மெத்ரோ மேலே ஓடுகிறது, அதற்கும் சேர்த்துக் கீழே இந்தக் கோதாரி வேர் ஓடியிருந்தது. மரப்பெட்டிக்கு அடியால் இறங்கி, கல்லுக்குள்ளே புகுந்து, எங்கோ போய்விட்டது. இடுப்புத்தான் முறிந்தது. பிடித்து இழுத்தாள், அரைகுறையாக அறுந்து வந்தது. மண்ணை மூடிவிட்டு, 'இனிச் சரி' என்று கையைக் கழுவினாள். கொஞ்ச நாளில் ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு கூட்டமாகக் கிளம்பி வந்தது. முந்தியதைவிடக் கொழுப்பு.

வெட்ட முடியாவிட்டால் பேரையாவது மாற்றலாமே என்று அடுத்த யோசனை. கடைக்கு வருகிற எல்லோரிடமும், "உது லட்சுமிக்கொடி. நான்தான் முந்திப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

"எது? ஓ, எங்கடை கமலராணியோ?" என்றார்கள்.

"கமலராணி இல்லையப்பா, லட்சுமிக்கொடி!"

"ஓமோம், கமலராணி இப்ப லட்சுமிக்கொடி எண்டு பேர் மாத்திப்போட்டா" என்று அரியரத்தினம் அதையும் ஒரு செய்தியாக்கிக் கடை கடையாகக் கொண்டுபோனார். அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தான் வைத்த பேரைத் தானே பிடுங்க முடியாமல் தவித்தாள்.

கடைசி வழி மெலானி. பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். வசந்தரூபியின் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. வெங்காயம் வெட்டவும் வெந்நீர் கொதிக்கவைக்கவும் போதும், இந்தமாதிரி இக்கட்டுக்குக் காணாது. கையையும் காலையும் ஆட்டி, பலகையைக் காட்டி, "கமலராணி செடி இல்லை! கமலராணி மடம்! அங்கை, மடம்!" என்று சாறிக்கடையைக் காட்டினாள். மடம் என்றால் பிரெஞ்சில் அம்மணி.

மெலானி ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு முகம் பூவாக மலர்ந்தது. தன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பேரா! தன் சிநேகிதியின் பேரையா இந்தப் பூவுக்கு வைத்தாய்! ரோசாக்களுக்கு எங்கள் நாட்டில் பெரிய சீமாட்டிகளின் பேரை வைக்கிறோமே, அந்தமாதிரியா! மனுசிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தோட்டத்து விழா வருகிறதே, அதில் இந்த மடத்தைக் கூப்பிட்டு மரியாதை செய்யத்தானே வேண்டும் என்றார். வசந்தரூபி "நோன், நோன்!" என்று கத்தக் கத்த, சேற்றுச் சப்பாத்தோடு தெருவைக் கடந்து, சாறிக்கடைக்குள் போயே போய்விட்டார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

சாயந்தரம் நிருபா போன் எடுத்தாள். "அம்மா, அன்ரி வீட்டை வரேல்லையாம். தோட்டத்து விழாவிலேயே எங்கள் எல்லாரையும் சந்திக்கிறாவாம். ஏன் அங்கை?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை!" என்றாள் தாய். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விழா நாள் வந்தது. நல்ல வெயில். வெள்ளைக்காரச் சனம், ஆபிரிக்கச் சனம், எங்கடை சனம் என்று தோட்டம் நிரம்பிவிட்டது. வசந்தரூபி ஒரு தட்டம் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பாழாய்ப்போன கொடியோ, வெட்டின கோபத்துக்கோ என்னவோ, வேலி முழுக்கப் பூத்துச் சொரிந்தது. முதலில் பூசுகிற செண்டின் வாசம் வந்தது. பிறகு கமலராணி வந்தார், கத்தரிப்பூப் பட்டில். பக்கத்தில் கீர்த்தனன், புதுச் சேட்டுப் போட்டு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி வியர்த்து ஒழுகிக்கொண்டு.

மெலானி கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். கமலராணியைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இந்தப் பூவின் கதையை, அதற்குப் பேர் வைத்தவரே சொல்லட்டும் என்றார். "ஏன் இந்த மடத்தின் பேர்? வசந்தா, சொல்லு! நிருபா பிரெஞ்சில் சொல்லட்டும்!"

இப்படியும் ஒரு கண்டம் மனுசருக்கு வருமோ! எல்லாக் கண்ணும் அவள் மேல். நிருபா தாயின் பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் அறியாமல் சிரித்தாள். கமலராணி சிரிக்கவில்லை. பார்த்தபடி நின்றார். முன்வரிசையில் நின்ற அரியரத்தினத்துக்கோ நாக்குத் தினவெடுத்துவிட்டது. "நான் சொல்லுறன், தலைப்பு என்னெண்டால்..." என்று தொடங்கினார்.

அப்போதுதான் நம்ப முடியாத காரியம் ஒன்று நடந்தது. இராஜதுரை, ஒரு நாளும் ஒன்றிலும் தலையிடாத அந்த மனுசன், தட்டத்திலிருந்து ஒரு ரோல்சை எடுத்து அரியரத்தினத்தின் திறந்த வாய்க்குள் வைத்து, "சாப்பிடுங்கோ அண்ணை, சூடாறப்போகுது" என்றார். இன்னொன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

வசந்தரூபி முன்னுக்கு வந்தாள். ஒரு பொய்யைச் சொல்லித் தப்புவோம் என்றுதான் தொடங்கினாள்.

"இதை ஒருத்தரும் நடேல்லை. தானாத்தான் வந்தது" என்றாள். நிருபா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். "எங்கையோ வெயில் ஊரிலை கிடந்த சாமானாம். இஞ்சை வந்து, இந்த இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. தண்ணி விட ஆளில்லை. ஒரு பந்தல் போட்டுக் குடுக்க ஆளில்லை." அவளுக்குத் திடீரென்று மார்க்கண்டரின் செத்தவீடு நினைவுக்கு வந்தது. எட்டுச் சடங்கு முடிந்த மறுநாளே இந்த மனுசி வந்து கடைக் கதவை இழுத்துத் திறந்ததைத் தன் சின்ன யன்னலால் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு 'பாரன், கண்ணீர் காயமுதல் காசுப்பெட்டிக்கு வந்திட்டா' என்று தான் சொல்லிச் சிரித்ததும் வந்தது. வசந்தரூபிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிசமான வெட்கம், காது சுடுகிற வெட்கம்.

"இதை வெட்டிப் பாத்தவையும் இருக்கினம்" என்றாள். "வேரோடை பிடுங்கப் பாத்தவையும் இருக்கினம். ஏலாது. திருப்பி வரும். முந்தியிலும் வடிவா வரும். ஒற்றைப் பொம்பிளையா நிண்டு, ஒரு பிள்ளையைக் கைக்குள்ளை வைச்சு ஆளாக்கி, ஒரு நாளும் தலை கலைஞ்சு தெருவுக்கு வராத மனுசி ஆரெண்டு இந்தத் தெருவிலை கேளுங்கோ. அவவின்ரை பேரைத்தான் வைச்சனான்."

பொய் சொல்ல வந்தவள், சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை என்று முடிக்கும்போதுதான் கண்டாள். நிருபா கடைசி வசனத்தை மொழிபெயர்க்க முடியாமல் விக்கினாள். எப்படியோ சொல்லி முடித்தாள். சனம் கைதட்டியது. மெலானி விம்மி விம்மி அழுதார். செபஸ்டியன் அந்த நேரம்தான் வந்து சேர்ந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

கைதட்டல் அடங்கியதும் கமலராணி வசந்தரூபியின் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"நல்லாத்தான் கதைச்சீர். வாசம் இல்லை எண்டது எங்கை? ஆளுக்கு ஆகாது எண்டது எங்கை? அதுகளை ஏன் விட்டிட்டீர்?"

வசந்தரூபி இழுத்தாள். "அக்கா... உங்களுக்கு..."

"போன வரியமே தெரியும். அரியரத்தினம் எண்டொரு மனுசன் இருக்கேக்கை எனக்குத் தெரியாமல் போகுமே? கேட்டுப்போட்டு அழுதனான். உமக்கு நாலு வார்த்தை பேசவேணுமெண்டு ஒருநாள் கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனான். இந்த வேலியடியிலை வந்து நிமிந்தால், பலகையிலை என்ரை பேர்." கமலராணி அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கடையிலை நான் சாறிக்கடை அன்ரி. கந்தோருகளிலை மடம் மார்க்கண்டு. பெடியனுக்கு அம்மா. அந்த மனுசன் போனபிறகு என்னைக் கமலராணி எண்டு கூப்பிட இந்த ஊரிலை ஒரு சீவன் இல்லை, தெரியுமே? பலகையைப் பாத்துக்கொண்டு நிண்டன். ரெண்டு வெள்ளைக்காரப் பெட்டையள் வந்து 'கமலராணி, கமலராணி' எண்டு வாசிச்சுப்போட்டுப் படமெடுத்துக்கொண்டு போகுதுகள். பேந்து என்னெண்டு உம்மோடை வந்து சண்டை பிடிக்கிறது?"

வசந்தரூபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இன்னும் வெட்கம். வேறு வழியில்லாமல் வாய் தன் பழைய வேலையைப் பார்த்தது.

"வாசத்துக்கு நான் ஒண்டும் செய்யேலாது, அக்கா. பூசிக்கொண்டு வந்திருக்கிற செண்டு உங்களுக்கும் காணும், இந்த வேலிக்கும் காணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். தன் பிள்ளையின் வாழ்க்கை போனதே என்று நினைத்தாள். கமலராணி அவளைப் பார்த்தார். வாய் கோணியது. பிறகு அந்தக் கத்தரிப்பூப் பட்டு முழுவதும் குலுங்க, கொண்டை ஆட, தெருவுக்கே கேட்கச் சிரித்தார். தூரத்தில் நின்ற நிருபாவும் கீர்த்தனனும் கையைக் கோத்துக்கொண்டு, என்ன தீர்ப்போ என்று இந்தப் பக்கம் பார்த்தபடி விறைத்து நின்றார்கள்.

சிரித்து முடித்த கமலராணி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "உமக்கு ஒண்டு மட்டும் சொல்லி வைக்கிறன். எனக்கு என்னவாவது வைச்சிட்டுப் போம். என்ரை பிள்ளைக்குப் பட்டப்பேர் கிட்டப்பேர் வைக்கப்படாது. அவன் தகப்பனைப் போலை, மனசு தாங்கமாட்டான். அது மட்டும் எனக்கு ஏலாது."

வசந்தரூபி தலையைக் குனிந்தாள். "அது... வைச்சாச்சே, அக்கா."

கமலராணியின் முகம் கறுத்தது. "என்ன? எப்ப?"

"நிருபா சொன்ன அண்டைக்கே. வீட்டிலை நானும் மனுசனும் அந்தப் பேரைத்தான் சொல்லிக் கதைக்கிறது. வாயிலை வந்திட்டுது, இனி மாத்தேலாது."

"என்ன பேர்? சொல்லும் பாப்பம்!"

"மருமோன்."

கமலராணி கைப்பையைத் திறந்தார், லேஞ்சியைத் தேடினார், கிடைக்கவில்லை, பட்டுச் சேலைத் தலைப்பாலேயே மூக்கைத் துடைத்தார். பிறகு பிள்ளைகள் நின்ற பக்கம் பார்த்து, வரச்சொல்லிக் கையை ஆட்டினார்.

"அப்ப ஒரு நல்ல நாளாப் பாரும், சம்பந்தி" என்றார்.